இங்கிலாந்து வயல்களில் பழங்காசு தேடுவது எப்படி? மெட்டல் டிடெக்டரை முதன்முறை கையில் எடுப்பவர்களுக்கு

லண்டனிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கென்ட், எசெக்ஸ், சர்ரே வயல்வெளிகள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நடைபோகும் அதே ஒற்றையடிப் பாதையின் இரு பக்கமும், உழவு மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில், ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் செப்புக்காசும் விக்டோரியா பென்னியும் கிடக்கின்றன. யோகம் இருந்தால் எட்வர்ட் மன்னர் காலத்து வெள்ளிக்காசும். புதிதாக வருகிறவர்கள் அவசரப்பட்டு முதலில் டிடெக்டரை வாங்கிவிட்டு, அப்புறம் அதை எங்கே கொண்டுபோவது என்று முழிக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். இடம், அனுமதி, பிறகுதான் கருவி. மனித நடமாட்டம் குறைவாக இருந்த நிலத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் ஆணியைத்தான் காட்டும்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு: அங்கே மண்ணிலிருந்து எடுக்கும் தொல்பொருள் எதுவானாலும், ஒற்றைக் காசானாலும், அரசிடம் தெரிவித்தே ஆக வேண்டும். வட அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவதே குற்றம். லீவில் ஊருக்குப் போகும்போது கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகும் ஆசையும் வேண்டாம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் அனுமதியின்றிப் புதையல் தோண்டுவதாகச் சந்தேகம் வந்தாலே கைதுதான்.

அனுமதி வாங்குவது

இந்த நாட்டில் சொந்தக்காரர் இல்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. ஒற்றையடிப் பாதையில் உங்களுக்கு நடக்கும் உரிமை மட்டும் உண்டு. அதில் டிடெக்டரை ஆட்டும் உரிமை இல்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா கவுன்சிலுக்குச் சொந்தம். பல கவுன்சில்கள் அடியோடு தடை செய்திருக்கின்றன, சில கடிதம் கொடுத்து அனுமதிக்கின்றன. ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க் மாதிரியான ராயல் பார்க்குகளிலும், நேஷனல் டிரஸ்ட் நிலங்களிலும் கேட்டுப் பயனில்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில் தண்ணீர் வடிந்த நேரத்தில் சும்மா குனிந்து பொறுக்குவதற்கே போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

அரசு பட்டியலிட்டுப் பாதுகாக்கும் தொல்லிடங்கள் தனிக் கதை. இங்கிலாந்தில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரரே 'தாராளமாக வாருங்கள்' என்று சொன்னாலும் அங்கே டிடெக்டர் ஓட்டக் கூடாது. தொல்லிடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து (வேல்ஸில் Cadw) எழுத்தில் அனுமதி தர வேண்டும். உழவருக்கே தன் வயலின் ஒரு மூலை அந்தப் பட்டியலில் இருப்பது தெரியாமல் இருக்கலாம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியல் வரைபடத்தையும் அரசின் 'மேஜிக் மேப்' தளத்தையும் திறந்து, போகும் வயலின் எல்லையைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய இடங்களும் அதே மேஜிக் மேப்பில் தெரியும்; அங்கேயும் இறங்காதீர்கள்.

ஆக, உங்களுக்கு மிஞ்சுவது தனியார் பண்ணை நிலம். அதுதான் நல்ல இடமும்கூட. கேட்கப் போகுமுன் நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் போன்ற அமைப்பில் சேர்ந்து, அதன் உறுப்பினர் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் அடுத்தவருக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு அதோடு வருகிறது. மின்னஞ்சலைப் பெரும்பாலான உழவர்கள் படிப்பதில்லை. நேரில் போங்கள். அறுவடை நாட்களும் ஆடு குட்டிபோடும் இளவேனிலும் ஆகாத நேரம். மழை பெய்து வேலை ஓடாத நாள்தான் நல்ல நாள். காரைப் பண்ணை வாசலில் குறுக்கே நிறுத்தாதீர்கள். நாயையும் நண்பர் கூட்டத்தையும் அழைத்துப் போகாதீர்கள்.

என்ன பேசுவது? 'இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன், பழைய காசு தேடுகிறேன், காப்பீடு இருக்கிறது, குழியை மூடிவிடுவேன், கிடைப்பதையெல்லாம் உங்களிடம் காட்டுவேன்' என்பது போதும். சரி என்றால் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எந்தெந்த வயல், எந்தெந்த மாதம், கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு. பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். எழுதாமல் விட்டால், மண்ணுக்குள் இருந்து எடுத்த காசுக்கு நிலத்துக்காரருடைய உரிமைதான் பொதுவாக மேலோங்கும். அந்த உழவர் குத்தகைக்காரர் என்றால் உடைமையாளரின் சம்மதமும் தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மூன்று நான்கு பேர் முடியாது என்பார்கள். அது வழக்கம்தான். பக்கத்து ஊர் டிடெக்டிங் கிளப்பில் சேர்ந்தால், அவர்களுக்கு ஏற்கெனவே அனுமதி உள்ள வயல்களில் இறங்கலாம். பழகுவதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

வயலில் எந்த மூலை?

பத்து ஏக்கர் வயலை ஒரு பகலில் முடிக்க முடியாது. எங்கே தொடங்குவது என்பதை வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்யலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற நில அளவை அமைப்பின் பழைய வரைபடங்கள் இலவசம், இங்கிலாந்துக்கும் சேர்த்து. 19-ஆம் நூற்றாண்டு வரைபடத்தையும் இன்றைய வானிலிருந்து எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறைந்துபோன பாதை, இடிந்துபோன குடிசை, இன்றில்லாத வேலியின் வாயில், ஓடையைக் கடந்த இடம் எல்லாம் தெரியும். காசு மனிதர் நின்ற இடத்தில் விழுகிறது: வேலிப்படியில் ஏறி இறங்கும்போது, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, சந்தையில் பை அவிழ்க்கும்போது. தேவாலயத்துக்குப் போகும் பாதையும், மேய்ச்சல் நிலத்தின் நடுவே தனியாக நிற்கும் முதிய ஓக் மரத்தின் நிழலும் எப்போதும் முயன்று பார்க்கத் தக்கவை. வயலின் பழைய பெயரில் 'ஃபேர்' என்ற சொல் இருந்தால் அங்கே திருவிழாச் சந்தை கூடியிருக்கலாம்.

பருவமும் முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல், அதன் பின் உழுது உருளை ஓட்டிச் சமன்செய்த வயல், இரண்டும் அருமை. உழுது அப்படியே விட்ட பெருங்கட்டி மண்ணில் காயில் (டிடெக்டரின் அடியில் உள்ள தட்டு) தரையோடு ஒட்டாது, ஆழம் போய்விடும். விதைத்த பிறகு உள்ளே கால் வைக்கக் கூடாது. மேய்ச்சல் நிலத்தில் ஆண்டு முழுக்கத் தேடலாம், கோடை வறட்சி தவிர.

கருவி

முதல் கருவிக்கு 200 முதல் 300 பவுண்டு போதும். மைன்லேப் வான்க்விஷ், நோக்டா சிம்ப்ளெக்ஸ், காரெட் ஏஸ் வரிசைகளில் ஏதாவது ஒன்று. கடற்கரைக்கும் போகும் எண்ணம் இருந்தால் பல அலைவரிசையில் இயங்கும் வான்க்விஷ் நல்லது. ஒற்றை அலைவரிசைக் கருவி உப்பு ஈரமணலில் ஓயாமல் உளறும். பழைய கருவியை வாங்குவதும் தவறில்லை, ஆனால் ஏமாற்றுப் போலிகள் சந்தையில் உண்டு. வாரண்டிச் சீட்டோடு கடையில் வாங்குவது நிம்மதி.

கருவிக்குச் சமமாக முக்கியமானது பின்பாயிண்டர், அதாவது கைக்குள் அடங்கும் சின்னக் கம்பி டிடெக்டர். அதை விட்டுவிட்டு மிச்சப்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு குழிக்கும் பத்து நிமிடம் மண்ணைப் பிசைகிறார்கள். தோண்டுவதற்குக் குட்டைக் கைப்பிடியுள்ள ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஸ்பேட். தோட்டக் கரண்டி இங்கிலாந்துக் களிமண்ணில் ஒரே நாளில் வளைந்துவிடும். பிறகு ஹெட்ஃபோன், கையுறை, இடுப்புப் பை, பஞ்சு வைத்த சின்ன டப்பா, குப்பைக்குத் தனிப் பை. மண் வைக்க ஒரு துண்டுத் துணி.

வீட்டிலேயே காது பழக்குவது

வயலுக்குப் போகும் முன், இரும்பில்லாத தரையில் இவற்றை ஒரு முழ இடைவெளியில் பரப்புங்கள்: ஓர் ஆணி, ஒரு பியர் கேன் வளையம், கசக்கிய அலுமினியத் தாள், ஒரு 20 பென்ஸ், 1992-க்கு முந்தைய ஒரு 2 பென்ஸ், அதற்குப் பிந்தைய ஒரு 2 பென்ஸ். ஒவ்வொன்றின் மேலும் காயிலை ஓட்டி ஒலியையும் திரையில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1992 முதல் வந்த செம்பு நிறக் காசுகள் பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. காந்தத்தில் ஒட்டும், டிடெக்டரிலும் குழப்பமாக ஒலிக்கும். பழையவை வெண்கலம், தெளிவாக உயர்ந்த ஒலி.

இந்தப் பயிற்சியில் ஓர் உண்மை பிடிபடும். கேன் வளையமும் அலுமினியத் தாளும் தரும் எண்ணிலேயே சிறிய வெள்ளிக்காசும் விழும். மத்திய காலத்து வெள்ளிப் பென்னி 18 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை கிராமுக்கும் குறைவு. அதைப் பாதியாகவும் காலாகவும் வெட்டியும் புழங்கினார்கள். குப்பை வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனை, அதாவது சில உலோகங்களின் ஒலியை அடக்கும் வசதியை, ஏற்றிவிட்டால் அந்தக் காசும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஆகவே சின்ன இரும்பை மட்டும் அடக்கிவிட்டு, மற்ற எல்லாச் சிக்னலையும் தோண்டுங்கள். முதுகு வலிக்கும், வேறு வழியில்லை.

வயலில் கருவியை ஓட்டுவது

சிக்னல் இல்லாத ஓரிடத்தில் காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரை வரை மெதுவாக ஏற்றி இறக்கி, உங்கள் கருவியில் அந்த வசதி இருந்தால் கிரவுண்ட் பேலன்ஸ் (அந்த மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்வது) செய்யுங்கள். சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் நுண்ணுணர்வை, உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். கருவி காரணமில்லாமல் சளசளக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு படி குறையுங்கள். உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழேயும், பக்கத்தில் வேறொருவர் டிடெக்டர் ஓட்டும்போதும் இன்னும் குறைக்க வேண்டிவரும். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக் காயிலுக்கு மேலே குனிந்தாலும் சத்தம் வரும்.

காயில் தரைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, முனையிலிருந்து முனைவரை ஒரே மட்டத்தில் போக வேண்டும். வீச்சின் இரு கடைசியிலும் கை தானாக உயர்ந்துவிடுவது புதியவர்களின் முதல் குறை. அந்த ஓரங்களில் ஆழக் காசுகள் தப்பும். ஒரு வீச்சுக்கு ஏறக்குறைய இரண்டு நொடி. அடுத்த வீச்சு முந்தையதன் பாதி அகலத்தை மீண்டும் மூட வேண்டும்.

சிக்னல் கேட்டதும் உடனே தோண்டாதீர்கள். அதன் மேல் குறுகலாக ஆட்டிப் பாருங்கள். பிறகு 90 பாகை சுற்றி நின்று, குறுக்காக ஆட்டுங்கள். இரு திசையிலும் அதே ஒலி, அதே எண் என்றால் வட்டமான பொருள், நம்பித் தோண்டலாம். ஒரு திசையில் உயர்ந்த ஒலி, மறு திசையில் உறுமல் அல்லது மௌனம் என்றால் பெரும்பாலும் வளைந்த ஆணி. துருப்பிடித்த தட்டை இரும்பு, குதிரை லாடம் ஆகியவை வெள்ளிக்கு நிகரான உயர்ந்த ஒலி கொடுத்து ஏமாற்றும். காயிலைச் சற்று உயர்த்திப் பாருங்கள்: கால் முழம் உயர்த்தியும் சிக்னல் மங்கவில்லை என்றால் அது காசளவுப் பொருள் அல்ல. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் தோண்டிவிடுங்கள். அனுபவசாலிகளும் லாடத்தைத் தோண்டத்தான் செய்கிறார்கள்.

டபுள்-டி காயிலில் (D வடிவச் சுருள்கள் இரண்டு சேர்ந்தது) நடுக்கோடு முன்னும் பின்னுமாக ஓடுகிறது. காயிலை ஆட்டிக்கொண்டே மெல்லப் பின்னால் இழுங்கள். ஒலி சட்டென்று அறும்போது பொருள் காயிலின் முன் நுனிக்குக் கீழே இருக்கும்.

தோண்டுவது

அனுமதி பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில். மேய்ச்சல் நிலத்தில் மூடாத குழியில் மாட்டின் கால் சிக்கினால், அந்த உழவர் உங்களை மட்டுமல்ல, அடுத்து கேட்டு வரும் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

புல்தரையில் சிக்னலின் நடுவிலிருந்து சுற்றிலும் 10 சென்டிமீட்டர் விட்டு, மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள். நான்காவது பக்கம் வேரோடு ஒட்டியிருக்கட்டும். ஸ்பேட் நேர் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்த்துச் செருகினால் ஸ்பேடின் முனை காசின் முகத்திலேயே கீறும். ஆழம் 12 முதல் 15 சென்டிமீட்டர்: அதற்குக் குறைந்தால் வேர் அறுந்து, ஒரு வாரத்தில் வட்டமாகப் புல் கருகி, நீங்கள் தோண்டிய ஒவ்வோர் இடமும் தூரத்திலிருந்தே தெரியும். புல்கட்டியைப் பின்னுக்கு மடக்கி, முதலில் அதன் அடியைப் பின்பாயிண்டரால் தடவுங்கள். காசு பாதி வேளை அதிலேயே ஒட்டியிருக்கும். இல்லையென்றால் குழியின் அடி, பிறகு பக்கச் சுவர். காசு செங்குத்தாக நின்றால் சுவரில் ஒளிந்திருக்கும். எடுத்த மண்ணை எல்லாம் துணிமேல் போடுங்கள். புல்லில் கொட்டினால் திரும்ப அள்ள முடியாது.

கிடைத்ததும் குழிக்குள் இன்னொரு முறை பாருங்கள், பை கிழிந்து விழுந்த காசுகள் சேர்ந்தே கிடக்கும். பின் துணியிலிருந்து மண்ணைச் சரித்து, புல்கட்டியை மடக்கி, காலால் மிதித்துச் சமமாக்குங்கள். வறண்ட ஜூலையில் தரை கல்லாக இறுகியிருந்தால் புல்லை வெட்டவே வேண்டாம், பிழைக்காது.

உழுத வயலில் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆனால் ஏர் போகும் ஆழத்துக்குக் கீழே, ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்கு அப்பால், போகாதீர்கள். மேல்மண்ணில் உள்ளவை ஏற்கெனவே இடம் மாறியவை. அதற்குக் கீழே இருப்பவை வைத்த இடத்திலேயே இருக்கின்றன, அவற்றை எடுக்கத் தெரிந்தவர்கள் வேறு. உருண்டையாக, கனமாக, வால்பகுதியோடு துருப்பிடித்த ஏதாவது தென்பட்டால் அது போர்க்காலக் குண்டாக இருக்கலாம். தொடாமல் விலகி 999-க்கு அழையுங்கள்.

கையில் வந்த காசு

வயலிலேயே கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்து முகம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மண்ணில் உள்ள மணல்துகள் செப்பின் மேல்தோலை உரசி எடுத்துவிடும். எழுத்தும் தலையும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அப்படியே டப்பாவில் வைத்து, இடத்தைக் கைப்பேசியில் பதியுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே கிரிட் எண்ணில் 8 இலக்கம் என்றால் 10 மீட்டர் துல்லியம், 10 இலக்கம் என்றால் 1 மீட்டர்.

வீட்டில் வெள்ளியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து அலசினால் போதும். செம்பையும் வெண்கலத்தையும் முதலில் காயவிட்டு, மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். குத்துவிளக்குத் தேய்க்கிற கை நமக்கு: புளி, எலுமிச்சை, வினிகர் என்று உடனே போகும். கூடவே கூடாது. அமிலம் களிம்போடு காசின் உருவத்தையும் தின்றுவிடும். பளபளவென்று ஒரு வெறும் செப்புத் தகடுதான் மிஞ்சும். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பதும் மெதுவாக அதே வேலையைச் செய்யும். மென்பிளாஸ்டிக் உறைகள் பச்சையாகக் கசியும். காகித உறையில், இடமும் தேதியும் எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

அடையாளம் காண்பதற்குச் சில பிடிகள். 1919 வரையிலான வெள்ளிக் காசில் 92.5% வெள்ளி, 1920 முதல் 1946 வரை 50%, 1947 முதல் வெள்ளியே இல்லை. விக்டோரியா பென்னி 1860-இல் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியது. கையில் எடுத்தவுடன் கனத்தால் திகைக்கவைக்கும் தடித்த பென்னி 1797-ஆம் ஆண்டினது. ஒரு முழு அவுன்ஸ் செம்பு. ஓரம் ஒழுங்கற்று, தாள்போல் மெல்லியதாக இருந்தால் அது கையால் அடித்து அச்சிட்டது, 1662-க்கு முந்தையது. அதில் சிலுவை ஓரம்வரை நீண்டிருந்தால் 1247-க்குப் பிந்தையது. முதலாம் எலிசபெத் மகாராணியின் சிக்ஸ்பென்ஸில் 1561 முதல் ஆண்டு பொறித்திருக்கும், தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாவும் இருக்கும். தொடக்கத்தில் காசைவிடச் சட்டைப் பொத்தான்களே அதிகம் வரும். காசு இருக்கும் வயலில்தான் பொத்தானும் இருக்கும், அதனால் சோர வேண்டாம்.

புதையல் என்று எப்போது சொல்வார்கள்?

1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் ஒரே இடத்தில், தங்கமோ வெள்ளியோ 10 விழுக்காடாவது உள்ளவை இரண்டு, அல்லது மற்ற உலோகம் என்றால் பத்து கிடைத்தால் அது புதையல். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக இதில் சேராது. சட்டம் கேட்காவிட்டாலும் அந்தப் பகுதியின் ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசரிடம், அதாவது கண்டெடுத்த பொருள்களைப் பதியும் அதிகாரியிடம், காட்டுங்கள். இலவசமாக அடையாளம் சொல்லி, போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் பதிவில் சேர்த்து, காசைத் திருப்பித் தந்துவிடுவார்.

ஒரே குழியில் அடுத்தடுத்துக் காசு வந்தாலோ, பானை ஓடு தட்டுப்பட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். 2010-இல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் ரோமானியக் காசுகள் நிறைந்த பானையைத் தொட்டார். தானே அள்ளாமல் மண்ணை மூடிவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் பானையை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தபோது 52,503 காசுகள் இருந்தன. காலத்தால் கடைசியான, ரோமானிய ஆட்சியாளர் கராசியஸின் காசுகள் மேலே இல்லை, பெரும்பாலும் பாதி ஆழத்துக்குக் கீழே இருந்தன. ஆண்டாண்டாகச் சேர்த்த உண்டியலாக இருந்தால் அவை மேலே இருந்திருக்கும்; ஆகவே எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வாளியில் அள்ளியிருந்தால் இந்த விவரம் போயிருக்கும். அருங்காட்சியகம் அந்தக் குவியலை 320,250 பவுண்டுக்கு வாங்கியது. மறுபக்கம், 2015-இல் ஹெரிஃபர்ட்ஷையரில் கிடைத்த வைக்கிங் காலக் குவியலை மறைத்து விற்றவர்கள் 2019-இல் சிறைக்குப் போனார்கள்.

ஊரிலுள்ள உறவினருக்குப் பரிசாக ஒரு காசைக் கொண்டுபோக நினைத்தால், இந்நாட்டு மண்ணிலிருந்து எடுத்த 50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு ஏற்றுமதி உரிமம் கேட்பார்கள். பெட்டி கட்டுவதற்கு முன் அதே ஆபீசரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.